கட்டைவிரல் அகல நிலம்

"வெளிய கால் வச்சா கல்லு. பாக்குற பக்கமெல்லாம் கல்லு. இதுல நீங்க வேற உள்ள உக்காந்து எதுக்கும்மா கல்லு செய்றீங்க?"

பூமியிலிருந்து புதிதாக வந்து இறங்கிய பல் மருத்துவர் ஒருமுறை முத்தரசியிடம் இப்படிக் கேட்டார். கேட்கும்போது அவருடைய இரண்டு விரல்கள் அவள் வாய்க்குள் இருந்தன. அதனால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் விடுபட்ட பிறகாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மதிப்பள்ளத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் அப்படிக் கேட்பது, சோறு எதற்கு என்று கேட்பதைப் போல. எங்கிருந்து தொடங்குவது?

தூசியிலிருந்து தொடங்க வேண்டும். நிலவின் மண்ணைக் காற்றும் தேய்த்ததில்லை, மழையும் கழுவியதில்லை. அதன் ஒவ்வொரு துகளும் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையாகவே கிடக்கிறது. மூச்சோடு உள்ளே போனால் நெஞ்சை அறுத்துவிடும். அதனால் வெளியே வேலைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது கவச உடையை வாசலிலேயே தொங்கவிட்டு, ஆள் மட்டும் அந்த உடையின் முதுகுத் துளை வழியாகத் தவழ்ந்து உள்ளே வருவார்கள். ஊருக்குள் ஒரு கடுகளவு கல்லும் வரக் கூடாது. நிலவில் பிறந்த பிள்ளைகள் கல்லைக் கண்ணாடிக்கு அப்பால்தான் பார்த்திருக்கிறார்கள், தொட்டதில்லை.

அடுத்தது தள்ளல். ஒரு காலத்தில் எரிகுழம்பு ஓடி வடிந்த குகைக்குள் காற்றை அடைத்துக் கட்டிய ஊர் மதிப்பள்ளம். கிழக்கே இருப்பது கீழக்கூடம், மேற்கே இருப்பது மேலக்கூடம், இரண்டையும் இணைப்பது நடுக்கூடம். ஊர் உண்டான புதிதில் தண்ணீர்க் குழாயடியில் ஒருவன் இன்னொருவனை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். எடை குறைந்த உலகம் அல்லவா, தள்ளப்பட்டவன் பறந்துபோய்ச் சுவரில் மோதினான். சுவரில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் விழுந்து, காற்று விசிலடித்துக்கொண்டு வெளியே போகத் தொடங்கியது. சண்டை போட்டவர்களே வேட்டியையும் புடவையையும் திணித்து அதை அடைத்தார்கள். இனி ஒருவர் மேல் ஒருவர் கை வைப்பதில்லை, எந்தத் தகராறையும் மேசை மேல் வைத்துத்தான் தீர்ப்பது என்று அன்று இரண்டு கூடங்களும் சத்தியம் செய்துகொண்டன.

அப்படிப் பிறந்ததுதான் மேசைப்போர். கட்டைவிரல் உயர வீரர்கள் இரு பக்கமும் அணிவகுப்பார்கள். இரு கூடத்துத் தலைவர்களும் அவர்களை நகர்த்துவார்கள். நடுவர் என்று எல்லாரும் அழைக்கும் இயந்திரம் பகடை உருட்டும். ஜெயித்தவர் சொன்னது சட்டம். வீரர்களை இயந்திரமே வார்த்துக் கொடுத்துவிடும். அவர்கள் நிற்கும் பீடக்கல்லைத்தான், கட்டைவிரல் அகலத் தரையை, கையால் செய்ய வேண்டும். இயந்திரத்தில் வார்த்த பீடம் எதிராளிக்குச் சாதகமாக இருக்கிறது என்று ஒவ்வொரு போரிலும் யாராவது முறையிட்டதால் வந்த விதி அது. இரு படைக்கும் ஒரே ஆள் செய்ய வேண்டும். தகராறு தொடங்கியதிலிருந்து தீரும்வரை அந்த ஆள் எந்தக் கூடத்துக்கும் போகாமல் நடுக்கூடத்திலேயே அடைந்து கிடக்க வேண்டும். கல்லைத் தவிர வேறு பேச்சு யாரோடும் பேசக் கூடாது.

அந்த ஆள் முத்தரசி. தகராறு இல்லாத நாட்களில் காளான் கொட்டகையில் வேலை பார்ப்பவள். தகராறு இல்லாத நாட்கள் மதிப்பள்ளத்தில் குறைவு.

இந்த முறை தகராறு விடியலைப் பற்றி. குகைக் கூரை நெடுக ஓடும் ஒற்றை விளக்குப் பட்டைதான் இரண்டு கூடங்களுக்கும் சூரியன். மேலக்கூடத்தார் பாசித் தொட்டியில் வேலை செய்பவர்கள். விளக்கு ஐந்து மணிக்கு எரிய வேண்டும் என்றார்கள். கீழக்கூடத்தார் நள்ளிரவுவரை சுரங்கம் பார்த்துவிட்டுப் படுக்கிறவர்கள். ஏழு மணிக்கு முன் எரிந்தால் பிய்த்து எறிவோம் என்றார்கள். விளக்கு ஒன்று, சுவிட்சு ஒன்று. நடுவர் இரு பக்கக் கதவுகளையும் இறக்கிவிட்டு, முத்தரசியை நடுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டது.

அவளுடைய ஒரே மகள் நறுமுகை கீழக்கூடத்தில் வாழ்க்கைப்பட்டவள். நிறைமாதம். நிலவில் பிரசவிக்கும் பெண் வலியில் எம்பினால் கட்டிலை விட்டே எழும்பிவிடுவாள். தலைமாட்டில் நின்று தோள் இரண்டையும் அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அதைத் தோள்பிடி என்பார்கள். பெற்ற தாய் இருக்கும்போது வேறொருத்தி தோள் பிடிப்பதில்லை. "நான் வந்துருவேன்டி" என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள் முத்தரசி. போர் சட்டென்று முடிந்தால்தான் அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியும். போர் தொடங்க வேண்டுமானால் இரு பக்கமும் கல்லை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை.

அவள் குறை வைக்கவில்லை. காளான் சக்கையை அழுத்திக் காயவைத்த காளான் தட்டையைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்தாள். வெட்டினால் செங்கல் போலிருக்கும், பிய்த்தால்தான் பாறை விளிம்பு வரும். துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டி, மேலே பசைக்கூழ் பூசினாள். சோற்றுப் பொட்டலம் சுற்றி வந்த அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, ஈரக் கூழ்மேல் மெல்ல உருட்டினாள். சொரசொரப்பு விழுந்தது. காய்ந்ததும் கரிய சாயத்தை நீர்க்க ஓடவிட்டாள். அது பள்ளங்களில் மட்டும் தங்கியது. பிறகு தூரிகையில் வெளிர்ச் சாம்பல் நிறத்தைத் தொட்டு, அதையும் துணியில் துடைத்துவிட்டு, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத தூரிகையால் மேடுகளை வருடினாள். கல் எழுந்து நின்றது. ஓரங்களில் பாசித்தூள் தூவினாள். மழையில் நனைந்த பூமிப்பாறை என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். பூமியையே பார்க்காத முத்தரசி உட்பட.

மேலக்கூடத்துத் தலைவர் ஆவுடையப்பன் கதவிலிருந்த சின்னச் சன்னல் வழியாகக் கற்கள் அடுக்கிய தட்டத்தை வாங்கிப் பார்த்தார். கவச உடை தைத்து ஓய்ந்தவர். நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பார்.

"என்ன தாயி இது? அவுங்களுக்குப் பாறை, எங்களுக்குப் பக்கோடாவா?"

"எது பக்கோடா?"

"இந்தா, பொரிஞ்ச மாதிரி இருக்கே. எங்க பய நிக்கிறதுக்குள்ள எதிரி எடுத்துக் கடிச்சிருவான்."

"அண்ணாச்சி, ரெண்டு பக்கத்துக்கும் ஒரே உருண்டையாலதான் உருட்டினேன்."

"உருட்டினேன்னு நீயே சொல்லிட்டே பாரு!" என்று தட்டத்தைத் திருப்பித் தள்ளினார்.

கீழக்கூடத்துச் சன்னலில் நின்றவள் பூரணத்தம்மாள். அந்தக் கூடத்துத் தலைவி. நறுமுகையின் மாமியாரும் அவள்தான்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. கல்லு நல்லாத்தான் இருக்கு. பாசிதான் கொஞ்சம் தூக்கல். எங்க ஆளுங்க எல்லாம் கீரைப்பாத்தியில நிக்கிறாப்ல இருக்கு."

"பாசியைத் தட்டிவிட்டுர்றேன். நறுமுகை எப்படி இருக்கா?"

"கல் அல்லாத பேச்சு விலக்கப்பட்டுள்ளது" என்றது பின்னால் நின்ற நடுவர்.

பூரணத்தம்மாள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "கல்லைப் பத்தித்தான் நடுவரே சொல்றேன். எங்க வீட்டுல ஒரு கல்லு இருக்கு. நல்லா உருண்டு திரண்டு இருக்கு. கீழ எறங்கியாச்சு. எப்ப வேணா உருளும்."

நடுவர் சற்று யோசித்தது. "இது கல்லைப் பற்றிய பேச்சு. அனுமதிக்கப்படுகிறது."

"சம்பந்தி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் முத்தரசி. "அந்தக் கல்லு உருள்றதுக்குள்ள நான் வரணும். இந்தக் கல்லை ஒத்துக்கிடுங்களேன்."

"அது வேற, இது வேற. எங்க சனம் என்னைக் கேள்வி கேக்குமில்ல? சம்பந்தி செஞ்சாங்கன்னு வாயை மூடிக்கிட்டு வாங்கியாந்தியான்னு கேக்கும்."

முத்தரசி பாசியைச் சுரண்டினாள். கீழக்கூடம் இப்போது கல் மொட்டையாக இருக்கிறது என்றது. மேலக்கூடத்துக்கு உருண்டையை மாற்றி வேறு சொரசொரப்பில் புதிய கற்கள் செய்தாள். இது பக்கோடா இல்லை, வடை என்று வந்தது பதில். இரு பக்கக் கல்லும் வேறுவேறாக இருப்பதால்தானே இத்தனை கூத்து என்று ஒரே கல்லை அச்செடுத்து, இரண்டு படைக்கும் இம்மியும் மாறாமல் கையாலேயே ஒன்றுபோல் வார்த்துக் கொடுத்தாள். அன்றைக்கு இரண்டு சன்னல்களும் அதிர்ந்தன.

"அவுங்க நிக்கிற கல்லுலயா நாங்களும் நிக்கணும்?" என்றார் ஆவுடையப்பன்.

"அவுங்களுக்கும் இதேதான்னா எங்களுக்குன்னு என்ன இருக்கு சம்பந்தி?" என்றாள் பூரணத்தம்மாள்.

முத்தரசி நடுக்கூடத்துத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். வேறுவேறாகச் செய்தால் வஞ்சனை, ஒன்றாகச் செய்தால் அவமானம். நடுவர் அவளருகே வந்து நின்றது.

"உங்கள் இதயத் துடிப்பு உயர்ந்துள்ளது."

"உயராம? நீ இருந்தா உனக்கும் உயரும்."

"எனக்கு அந்த வசதி இல்லை."

மறுநாள் அவள் புதிதாக எதையும் செய்யவில்லை. மேலக்கூடம் முதலில் திருப்பிய பக்கோடாக் கற்களை எடுத்துக் கீழக்கூடத்துச் சன்னலில் நீட்டினாள். கீழக்கூடம் திருப்பிய கற்களை மேலக்கூடத்தில் நீட்டினாள். பேச்சைக் குறைத்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டாள்.

பூரணத்தம்மாள் ஒரு கல்லை விரலால் தடவிப் பார்த்தாள். "இதைத்தானே மொதல்லயே கேட்டேன்! என்னா சொரசொரப்பு! இது கல்லு!"

ஆவுடையப்பன் உருப்பெருக்கியை இறக்கி நெடுநேரம் பார்த்தார். "இப்பத்தான் தாயி உனக்குக் கை வந்திருக்கு" என்றார் பெருந்தன்மையாக.

முத்தரசி நடுவரைத் திரும்பிப் பார்த்தாள். அது எல்லாவற்றையும் கண்டிருந்தது. "இதைத் தடுக்கும் விதி இல்லை" என்று மட்டும் சொன்னது.

போர் நாளன்று இரு கதவுகளும் உயர்ந்தன. இரண்டு கூடத்துச் சனமும் நடுக்கூடத்தில் திரண்டு, சுவரை ஒட்டிய கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. பீடம் ஏதாவது உடைந்தால் உடனே ஒட்டித்தர, மேசையருகே ஒரு முக்காலியில் முத்தரசி உட்கார வேண்டும். போர் முடியும்வரை எழக் கூடாது. பீடங்களில் பதித்த காந்தத்தில் வீரர்கள் டக் டக்கென்று ஒட்டி நின்றார்கள்.

பூரணத்தம்மாள் தன் அணியை அடுக்கிக்கொண்டே குனிந்தாள். "சம்பந்தி, காலையிலேர்ந்து கல்லு உருள ஆரம்பிச்சிருச்சு."

முத்தரசி முக்காலியின் நுனிக்கு வந்தாள். "பக்கத்துல யாரு?"

"மருத்துவச்சி இருக்கா. தோளுக்குத்தான் ஆள் இல்ல. அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேக்குது கல்லு."

"அப்ப நீங்க ஏன் இங்க வந்தீங்க?"

"நல்லாருக்கே! நான் வராம போரை யாரு நடத்துறது?"

நிலவில் பகடை உருட்டுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மேலே எறிந்த பகடை இறகு மாதிரி ஆடி அசைந்து இறங்கும். அது இறங்குவதற்குள் இரு பக்கமும் ஒருவரை ஒருவர் திட்டித் தீர்த்துவிடலாம், திட்டினார்கள். "ஏழு மணிக்கு எந்திரிக்கிறவன் மூஞ்சியப் பாரு, வீங்கின இட்லியாட்டம்" என்றது மேற்கு. "பாசி வழிக்கிறவனுக்கு விடிஞ்சா என்ன விடியாட்டி என்ன" என்றது கிழக்கு. ஒவ்வொரு பகடையும் தரைதட்டும்வரை முத்தரசி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். விழு, சனியனே, விழு.

வீரன் வீழ்ந்தால் அவனை மட்டும் பிடுங்கி எடுத்துவிடுவார்கள். பீடக்கல் விழுந்த இடத்திலேயே பாறையாகக் கிடக்கும். போர் முற்றியபோது மேசை நடுவில் ஆளில்லாக் கற்கள் கலந்து சிதறிக் கிடந்தன. கடைசியில் ஆவுடையப்பனின் ஈட்டிக்காரன் ஒருவன் பூரணத்தம்மாளின் கொடிக்காரனைச் சாய்த்தான்.

"போர் முடிந்தது" என்றது நடுவர். "மேலக்கூடம் வென்றது. நாளை முதல் விடியல் ஐந்து மணிக்கு."

முத்தரசி முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். அப்போது ஆவுடையப்பன் கை நீட்டி, நடு மேசையில் கிடந்த கற்களை அள்ளித் தன் மடியில் கட்டத் தொடங்கினார்.

"யோவ், வையும் கல்லை" என்றாள் பூரணத்தம்மாள், தானும் ஒரு கல்லைப் பிடுங்கிக்கொண்டு.

"நாங்க பிடிச்ச எடம். எங்க கல்லு."

"செத்தது எங்க வீரன். அவன் நின்ன தரை எங்க தரை. ஆள் செத்தா நெலமும் போயிருமா?"

இதுவரை எந்தப் போரிலும் இந்தப் பேச்சு எழுந்ததில்லை. போர் முடிந்ததும் முத்தரசி கற்களைப் பெருக்கி அள்ளிக் கூழாக அரைத்துவிடுவாள், அவ்வளவுதான். இந்த முறை கல் அழகாக அமைந்துவிட்டது. அதுதான் அவள் செய்த குற்றம்.

"தோத்தவளுக்கு என்ன நெலம்? சட்டத்தைப் பேசு" என்றார் ஆவுடையப்பன்.

"தோத்தது விடியல் விஷயத்துல. நெலத்துல இல்ல. எங்க கல்லோட சொரசொரப்பு எனக்குத் தெரியாதா? தடவிப் பாரும், எங்க மண்ணு பேசும்."

முத்தரசிக்குப் பொறுக்கவில்லை. "அது மண்ணு இல்ல! கல்லும் இல்ல! காளான் தட்டை! சோத்துப் பொட்டலத் தாளால நான் உருட்டினது! சம்பந்தி, உங்க மண்ணுன்னு இப்ப தடவுறீங்களே, அது அண்ணாச்சி பக்கோடான்னு திருப்பி அனுப்பின கல்லு. அவரு மடியில கட்டுறது நீங்க கீரைப்பாத்தின்னு தள்ளிவிட்டது. நான்தான் மாத்திக் குடுத்தேன். போதுமா?"

இரு தலைவர்களும் தங்கள் கையிலிருந்த கல்லைக் குனிந்து பார்த்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. வெட்கப்பட்டுக் கலைந்து போவார்கள் என்று நினைத்தாள்.

"அப்படின்னா..." என்று ஆவுடையப்பன் மெல்ல இழுத்தார். "அவுங்க கையில இருக்கறதும் மொதல்ல எங்களுக்குன்னு செஞ்சதுதானே?"

"அவரு மடியில இருக்கறது பூர்வீகமா எங்களோடது!" என்று பூரணத்தம்மாள் கூவினாள்.

சனம் கம்பிகளை விட்டுவிட்டு மேசையை நோக்கி மிதந்து வந்தது. குகையின் பக்கவாட்டுத் திறப்பை மூடிய கண்ணாடிக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நிலவு கிடந்தது: மேடும் பள்ளமும் பாறையுமாக, எவருக்கும் வேண்டாத நிலம். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"விடியல் பற்றி ஆட்சேபம் உண்டா?" என்று நடுவர் கேட்டது.

"விடியறப்ப விடியட்டும்யா!" என்றார் ஆவுடையப்பன். "மொதல்ல நெலத்துக்கு ஒரு வழி சொல்லு."

நடுவருக்குள் ஏதோ சுழன்று நின்றது. "விதியில் வழி இல்லை. ஆகவே இது புதிய தகராறு. கதவுகள் இறக்கப்படுகின்றன. கல் செய்பவர் நடுக்கூடத்திலேயே தங்கி, அடுத்த போருக்கான கற்களைச் செய்யத் தொடங்கலாம்."

"இந்தத் தடவை எங்களுக்குக் கொஞ்சம் உசரமா வேணும் தாயி" என்றார் ஆவுடையப்பன், கையிலிருந்த கல்லை விடாமல்.

முத்தரசி பூரணத்தம்மாளின் முழங்கையைப் பிடித்தாள். "சம்பந்தி. உள்ள உங்க பேரப்புள்ள பொறக்குது. வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை விட்டுக்குடுத்தா கதவு தெறந்திருக்கும்."

பூரணத்தம்மாள் அவளை இரக்கத்தோடுதான் பார்த்தாள். "புள்ள அதுபாட்டுக்குப் பொறக்கும் சம்பந்தி. அதுக்குத்தானே இந்த நெலத்தைக் கேக்குறேன்?"

கீழக்கூடத்துக் கதவு மேலிருந்து சீராக இறங்கிக்கொண்டிருந்தது. மேசையில் யாரோ ஒரு கல்லைத் தட்டிவிட, அது மெல்ல மிதந்து கீழே போக, இரு கூடத்துத் தலைவர்களும் அதற்காகக் குனிந்தார்கள். அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கை வைத்துவிடாதபடி நடுவர் தன் இரண்டு கைகளையும் அவர்களுக்கு இடையே நீட்டிப் பிடித்திருந்தது.

"கல் செய்பவர் நடுக்கூடத்தை விட்டுப் போகக் கூடாது" என்றது அது, திரும்ப முடியாமல்.

முத்தரசி விரல்களில் காய்ந்திருந்த பசையை முந்தானையில் துடைத்தாள். கூட்டத்தின் முதுகுகளுக்குப் பின்னால் நடந்தாள். கதவு அவள் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல், தலையைக் குனிந்து அதனடியில் நுழைந்து போய்விட்டாள்.